சடை பிடித்தால்தான் மப்ளர்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நான் செய்த கம்பளி மப்ளர் ஒன்றின் படத்தைப் போட்டு, தறியும் இல்லை பின்னல் ஊசியும் இல்லை, சோப்புத் தண்ணீரில் தேய்த்தே செய்தது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சமையல், தோட்டக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த முறை முழுக்க மப்ளர்தான்.

*

"நெய்யவும் இல்லை, பின்னவும் இல்லை என்றால் துணி எப்படி அக்கா நிற்கும்? ஒரு தடவை அலசினால் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடாதா?" – மயிலாடுதுறை வாசகி

பிரியாது. இன்னும் சொன்னால், பிரிக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டாலும் முடியாது.

உங்கள் தலைமுடியில் ஒன்றைப் பிடுங்கி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேலே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில் இருப்பதால் வருவது அது. ஆட்டுக் கம்பளி இழையில் இந்தச் செதில்கள் இன்னும் துருத்திக்கொண்டு இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து அசைத்தால் இழைகள் ஊர ஆரம்பிக்கும், ஆனால் ஒரே திசையில்தான் ஊரும், வேர்ப்பக்கம் பார்த்து. வரப்பில் நடந்துவிட்டு வந்தால் வேட்டிக் கரையில் ஒட்டுப்புல் ஏறியிருக்குமே, உள்ளே போகப்போக வழிவிடும், வெளியே இழுத்தால் வராது, கிட்டத்தட்ட அதே கதைதான். ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாட்டிக்கொண்டால் அதுதான் துணி. எண்ணெய் காணாத, சீப்பு படாத தலை சடை பிடிக்கிறது என்கிறோமே, அந்தச் சடையைத்தான் நாம் திட்டம் போட்டு, அளவு வைத்து, அழகாகப் பிடிக்கவைக்கிறோம். ஆங்கிலப் பெயர் வெட் ஃபெல்டிங். என்னைக் கேட்டால் 'சடை பிடிக்கவைப்பது' என்பதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது.

இது புதுசும் இல்லை. தறி ஏறாத கம்பளித் துணி ரொம்பப் பழசு. சைபீரியாவின் அல்தாய் மலையில், பனியில் உறைந்துபோன பசிரிக் கல்லறைகளைத் தோண்டியபோது இப்படிச் செய்த விரிப்புகளும் குதிரைச் சேணத் துணிகளும் கிடைத்தன, ஏறக்குறைய 2,400 வருஷத்துப் பழசு. மங்கோலியர்களின் வட்டக் கூடாரத்துக்குச் சுவரும் கூரையும் இதுதான். காஷ்மீரில் நம்தா என்று விரிப்பு விற்கிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

*

"நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடையில் உல்லன் நூல் நாலு உருண்டை வாங்கிப் பிரித்துப்போட்டு, ஒரு மணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கைதான் வெந்தது, நூல் நூலாகவே இருக்கிறது." – பட்டுக்கோட்டை வாசகி

அடடா, கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் கை மேல் தப்பில்லை, நூல் மேல்தான் தப்பு. நம் பக்கத்துக் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் இழை. அதில் செதிலே கிடையாது, பொங்கல் வரைக்கும் தேய்த்தாலும் சடை பிடிக்காது.

எனக்கும் இது நடந்தது. ஊர் பேர் வேண்டாம், பெரிய கடை ஒன்றில் '100 சதவீதம் கம்பளி' என்று அச்சடித்த பையைப் பார்த்து வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து உருட்டினேன். சாயங்காலம் ஒரு இழையை எடுத்து விளக்கில் காட்டியபோதுதான் தெரிந்தது. அசல் கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். என் இழை உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரிக் கெட்டியாகி நின்றது. வாங்குவதற்கு முன்னால் ஒரு சாண் இழை கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று, அசல் கம்பளியிலேயே 'சூப்பர்வாஷ்' என்று ஒன்று வருகிறது. மெஷினில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பதற்காகச் செதில்களைக் குளோரினில் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சும் பூசிவிடுவார்கள். அது நெருப்புச் சோதனையில் தேறிவிடும், தொட்டியில் தோற்றுவிடும். உங்களுக்கு வேண்டியது முறுக்காத, வடம் மாதிரித் தளர்வாக இருக்கிற மெரினோ என்கிற சீமை ஆட்டின் கம்பளி. 'மெரினோ டாப்ஸ்' என்று கேட்டால் கைவினைப் பொருள் விற்கிறவர்களுக்குப் புரியும், ஆன்லைனிலும் கிடைக்கும்.

*

"சம்பா அறுவடை முடிந்ததும் எருவுக்காக எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். முந்நூறு, நானூறு ஆடு நிற்கும். அந்த முடியை வாங்கி மப்ளர் செய்யலாமா? மெரினோவுக்கு ஏன் வெளியே காசு கொடுக்க வேண்டும்?" – திருவாரூர் வாசகர்

எனக்குப் பிடித்த கேள்வி தம்பி, ஏனென்றால் நானும் இதையேதான் முதலில் கேட்டேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால் கிடை இறங்கியிருந்தபோது, மந்தைக்குத் தலைவரான கீதாரிப் பெரியவரிடம் போய் நின்று "ஐயா, முடி கொஞ்சம் கிடைக்குமா" என்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்கு முடி" என்று சிரித்தார். அவர் சொன்னதுதான் சரி.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து நடந்துவரும் மந்தைகளில் இருப்பவை ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் மாதிரியான செம்மறிகள். இவையும், பொட்டு ஆடு என்கிற வேம்பூர் ஆடும், சேலத்துப் பக்கம் மேச்சேரி ஆடும் உடம்பில் ரோமம் உள்ளவை, கம்பளி உள்ளவை இல்லை. நம் வெயிலுக்கு அதுதான் தோது, கறிக்கும் தோலுக்கும் எருவுக்குமாக வளர்ந்த ஆடுகள். அந்த ரோமம் தடித்தும் குட்டையாகவும் இருக்கும், தொட்டாலே குத்தும். இழையின் குறுக்களவு 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினாலே கழுத்தில் அரிக்கும், மெரினோ 18 முதல் 22-க்குள் இருக்கிறது, மனிதத் தலைமுடியோ சுமாராக 70. இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் கம்பளி ஆடே இல்லையா என்றால், இருக்கிறது. திருச்சி கருப்பு ஆட்டுக்குக் கம்பளி உண்டு, முரட்டுக் கம்பளி. கோயம்புத்தூர்க் குறும்பை ஆடும் அப்படித்தான். விரிப்புக்கு ஆகும், கழுத்துக்கு ஆகாது. கழுத்துக்கு என்றால் மலை ஏற வேண்டும். நீலகிரி ஆடு என்று ஓர் இனம், வெள்ளைக்காரர் காலத்தில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகளைக் கலந்ததில் உருவானது, மெல்லிய கம்பளி தரும், ஆனால் எண்ணிக்கையில் ரொம்பக் குறைந்துவிட்டது. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இருக்கிறது, அங்கே பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைப் பார்க்கலாம். கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிக் குதிரை ஏறியது போதும், ஒரு நாள் மன்னவனூர் போய்வாருங்கள்.

கிடை ஆட்டின் ரோமத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரு கைக்குட்டை அளவுக்கு முயற்சி செய்து பார்ப்பதை நான் தடுக்கவில்லை. எனக்கு வந்தது தேங்காய்நார் மிதியடி.

*

"எங்கள் பெண் டொரண்டோவில் இருக்கிறாள். டிசம்பருக்கு முன்னால் என் கையால் ஒன்று செய்து அனுப்ப ஆசை. அளவு, கிராம், எத்தனை உருட்டு என்று எதையும் விடாமல் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்." – கும்பகோணம் வாசகி

சரி, உட்காருங்கள், நீளமாகப் போகும்.

முதலில் கணக்கு. கம்பளி சுருங்கியே தீரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேலேகூட. முடிந்த மப்ளர் 160 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் வேண்டும், 35 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு மிச்சம் 65. 160-ஐ 0.65-ஆல் வகுத்தால் 246, 25-ஐ வகுத்தால் 38 சொச்சம். ஆகவே தாராளமாக இரண்டரை மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம் பரப்ப வேண்டும். அதற்கு 60 கிராம் மெரினோ போதும். கனடாக் குளிர் என்று பயந்து 150 கிராம் போட்டுவிடாதீர்கள், மப்ளர் வராது, ஜமக்காளம் வரும்.

35 என்பது என் கையின் கணக்கு, உங்கள் கை வேறு. அதனால் நேராக மப்ளரில் இறங்காமல் 20-க்கு 20 செ.மீ. சதுரம் ஒன்று 2.4 கிராமில் செய்து பாருங்கள். கடைசியில் 13 செ.மீ. வந்தால் என் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், வேறு அளவு வந்தால் வகுக்கிற எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். நிறுப்பதற்குச் சமையல் தராசு சரிப்படாது, கிராமுக்குக் கீழே காட்டுகிற குட்டித் தராசு வேண்டும், அக்கம்பக்கத்தில் நகை வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள். இந்தச் சதுரத்தைச் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், 'அதெல்லாம் எதற்கு' என்று தாண்டிப்போகிறவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டிவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் சுற்றியிருந்த பபிள் ராப் மூன்று மீட்டர், பழைய கொசுவலையில் அதே அளவு, பிளம்பிங் கடையில் இரண்டு அடி பிவிசி பைப், இரண்டு துண்டு, கட்டுவதற்குப் பழைய புடவைக் கிழிசல். பபிள் ராப் இல்லையென்றால் கோரைப்பாய் இன்னும் நல்லது, அந்தக் கோரையின் மேடு பள்ளமே கம்பளியைக் கிள்ளிக் கிள்ளி வேலை வாங்கும். தண்ணீர் தெளிக்க என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணச் சீரில் வந்து பரணில் தூங்கிக்கொண்டிருந்த பன்னீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. எவர்சில்வராக இருந்தால் பிரமாதம். வெள்ளி என்றால் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். இரண்டும் இல்லாதவர்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டால் முடிந்தது.

கூடத்துத் தரையில் பபிள் ராப்பை, குமிழ் மேலே பார்க்க விரியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆமாம், சித்திரை வெயிலாக இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும், இல்லையென்றால் 60 கிராமும் சுவாமி படத்துக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கை உலர்ந்திருக்க வேண்டும். கம்பளியை முன்கூட்டியே பதினைந்து பதினைந்து கிராமாக நாலு பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு அடுக்கிலும் பாதி நீளத்துக்கு ஒரு பங்கு. நான் பங்கு போடாமல் செய்த மப்ளர் ஒரு பக்கம் கம்பளமாகவும் மறுபக்கம் ஒட்டடையாகவும் இருக்கிறது.

இழுப்பதற்கு ஒரு நேக்கு உண்டு. வடத்தை ஒரு கையில் தளர்வாகப் பிடித்து, நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தக் கை இருக்கட்டும், மறுகையின் உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவே நுனியை மட்டும் பிடித்து மெதுவாக இழுத்தால், பின்னால் இருக்கும் பொருள் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு கீற்று பிரிந்து வரும். கை இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் ஒரே இழையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நாமே நம்மோடு கயிறு இழுக்கிறோம் என்று அர்த்தம், வரவே வராது. அந்தக் கீற்றுகளை முதல் அடுக்கில் எல்லாம் குறுக்குவாக்கில், ஒன்றின் நுனி இன்னொன்றின் மேல் ஏறும்படி, கூரைக்குத் தென்னங்கீற்று வேய்கிற மாதிரி வைத்துக்கொண்டே போங்கள். இரண்டாவது அடுக்கு நீளவாக்கில். முடித்ததும் உள்ளங்கையால் மேலே தட்டித் தட்டிப் பாருங்கள், பள்ளமாகத் தட்டுப்படுகிற இடத்தில் ஒரு கீற்று சேருங்கள். இந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள்.

இனிமேல் தண்ணீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் துருவிய குளியல் சோப்பு ஒரு ஸ்பூன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும், ஆரம்பத்திலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே அடுக்குகள் ஒட்டாமல் நின்றுவிடும். கொசுவலையை மேலே போர்த்தி, செம்பால் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். கம்பளி லேசில் நனையாது, தாமரை இலை மாதிரித் தண்ணீரை உருட்டிவிடும், உள்ளே காற்றும் இருக்கும். அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினால் பொதபொதவென்று இருந்தது வெற்றிலை மாதிரிப் படிந்துவிடும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, எடையே கொடுக்காமல், குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி வட்டமாகப் பத்து நிமிடம் தேயுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வேலை செய்வது உங்கள் பலம் இல்லை, கம்பளியின் செதில். நீங்கள் அதற்கு நேரம் கொடுத்தால் போதும். நடுநடுவே வலையைத் தூக்கித் தூக்கி விடுங்கள். ஒரு முறை போன் வந்து பேசப் போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் இழைகள் வலைக் கண்ணுக்குள் புகுந்து கொசுவலையும் மப்ளரும் ஒன்றாகிவிட்டன.

வலையை எடுத்துவிட்டு, ஓரத்தில் பிசிறாக நிற்பதை ஈர விரலால் உள்ளே மடித்துவிட்டு, மேலே இன்னொரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு எல்லாவற்றையும் பைப்பில் பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். துண்டால் மூடி மூன்று இடத்தில் கட்டி, சப்பாத்திக் கட்டை உருட்டுகிற மாதிரி 150 தடவை. பிரித்து, சுருக்கம் நீவி, மறுமுனையிலிருந்து சுருட்டி இன்னொரு 150. பிறகு தலைகீழாகத் திருப்பி அதே இரண்டு தடவை. எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் அதிகம் சுருங்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் அளவு உங்கள் கையில். நீளம் போதுமான அளவு சுருங்கிவிட்டதா, அப்படியானால் நடுவே பிளாஸ்டிக் கொடுத்து மடித்து அகலவாக்கில் உருட்டுங்கள். பிளாஸ்டிக் கொடுக்க மறந்தால் மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொண்டு தலையணை உறை ஆகிவிடும்.

சடை பிடித்துவிட்டதா என்று பார்க்க, மேலே இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். இழை மட்டும் தனியாக எழும்பினால் இன்னும் உருட்ட வேண்டும், துணி மொத்தமும் சேர்ந்து எழும்பினால் முடிந்தது.

கடைசிக் கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்ணீரைப் பிழிந்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் முக்கி, கொல்லையில் இருக்கிற துவைகல்லில் ஒரு முழ உயரத்திலிருந்து பொத் பொத்தென்று போடுங்கள். துணி துவைக்கிற அடி அல்ல, தூக்கிப் போடுவது மட்டும். ஐந்து போட்டதும் பிரித்து நீவி, மறுபடி ஐந்து. கண்ணெதிரே சுருங்கும், மேலெல்லாம் எலுமிச்சைத் தோல் மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளி எழும்பும். அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள், கம்பளியில் பின்னால் போக வழி கிடையாது. சோப்பு போக மூன்று தண்ணீர் அலசி, கடைசியில் அரை பக்கெட் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்தால் தங்கியிருக்கும் சோப்பின் காரம் முறிந்துவிடும். துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, ஈரத்திலேயே ஓரங்களை நேராக இழுத்துவிட்டு, நிழலில் படுக்கையாகப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நடுவில் கோடு விழும்.

*

"எங்கள் போர் தண்ணீரில் எந்த சோப்பும் நுரைக்காது. சீயக்காய், பூந்திக்கொட்டை போட்டால் ஆகுமா?" – நாகப்பட்டினம் வாசகி

கடற்கரைப் பக்கம் இது பெரிய தொல்லைதான். கடினத் தண்ணீரில் சோப்பு நுரையாகாமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து இழையில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு மப்ளர் பிசுபிசுக்கும். காய்ச்சினால் கொஞ்சம் சரியாகும், எல்லாக் கடினமும் போகாது, உப்பு சுத்தமாகப் போகாது. மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அதற்கா பஞ்சம்! பரப்பி நனைக்க ஒன்றரை லிட்டர்தான் வேண்டும், அலசலுக்கு மூன்று பக்கெட். அதுவும் இல்லாத நாளில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஏழெட்டுத் துளி போடுங்கள், அது கடினத் தண்ணீரிலும் வேலை செய்யும்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இந்த வேலைக்கு வேண்டாம். அவை முடியைச் சிக்கில்லாமல் வைப்பதற்குப் பெயர்போனவை, நமக்கு வேண்டியதோ சிக்கு. செய்து முடித்த மப்ளரைப் பிற்பாடு அலச பூந்திக்கொட்டைத் தண்ணீர் அருமையானது. சலவைத் தூள் பக்கமே போகாதீர்கள், அதில் பலவற்றில் புரதத்தைக் கரைக்கிற என்சைம் சேர்க்கிறார்கள், கம்பளியே புரதம்தான்.

நுரை அதிகம் இருந்தால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். நுரை வழிந்தால் இழைகள் வழுக்கிக்கொண்டே இருக்கும், பிடித்துக்கொள்ளாது.

*

"நாங்கள் திருபுவனத்தில் பட்டு நெய்கிற குடும்பம். தறியில் விழும் நூல் துண்டுகளை இதில் சேர்க்கலாமா? பட்டுத்துணி மேலேயே கம்பளியை ஒட்ட முடியுமா?" – திருபுவனம் வாசகர்

உங்கள் வீட்டில் குப்பை என்று கூட்டித் தள்ளுவதை எனக்குப் பார்சல் அனுப்புங்கள் ஐயா! சேர்க்கலாம். பட்டு தானாகச் சடை பிடிக்காது, அதனால் துண்டுகளைக் கடைசி அடுக்கின் மேல் தூவிவிட்டு, அதற்கும் மேலே புகை மாதிரி ஒரு இழைக் கம்பளியை இழுத்துப் போட்டுவிடுங்கள். கம்பளி இறுகும்போது பட்டைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கங்கே மினுமினுக்கும். முதலில் சாயம் போகிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி மேல் ஒட்டுவதற்கு நூனோ ஃபெல்டிங் என்று பெயர், ஜப்பானிய மொழியில் நூனோ என்றால் துணி. ஆனால் நீங்கள் நெய்கிற கல்யாணப் பட்டு இதற்கு ஆகாது, நெருக்கமான நெசவு, கம்பளி இழை மறுபக்கம் போக வழியே இருக்காது. துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள், காற்று தாராளமாகப் போனால் அந்தத் துணி ஆகும். பட்டு ஷிஃபான், மெல்லிய மல் துணி எல்லாம் தேறும். கம்பளி சுருங்கும்போது துணி சுருங்காமல் மேலே குமிழ் குமிழாகக் கசங்கி நிற்கும், அதுதான் அழகே. இதில் கம்பளியும் குறைவாகத்தான் பிடிக்கும், நம் ஊர்க் குளிருக்கு இந்த வகை போதும். பழைய ஷிஃபான் புடவை இருந்தால் முதலில் அதில் ஒரு முழம் வெட்டிச் செய்து பாருங்கள்.

*

"மூன்று செய்தேன். ஒன்றில் ஓட்டை, ஒன்றில் ஓரம் அப்பளம் மாதிரி நெளிகிறது, ஒன்று கழுத்தில் சுற்றினால் பலகை போல நிற்கிறது." – வலங்கைமான் வாசகி

ஓட்டை, பரப்பும்போது மெலிந்த இடம். காய்ந்த பிறகு கம்பளி வைத்து ஒட்டுப் போடுவது லேசில்லை, ஊசி நூலால் பூ தைத்து மறைத்துவிடுங்கள். ஓரம் நெளிவது, நடுப்பகுதி சுருங்கிய அளவுக்கு ஓரம் சுருங்காததால். அடுத்த முறை ஓரத்தை மட்டும் தனியாக விரலால் தேய்த்துச் சுருக்குங்கள். பலகைக்குக் காரணம் எடை, எத்தனை கிராம் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே!

*

"ஐப்பசி அடைமழையில் செய்து, நாலு நாளாகியும் காயவில்லை. நாற்றம் வேறு. எப்படிப் பத்திரப்படுத்துவது?" – சீர்காழி வாசகி

கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும், அதனால் 'காய்ந்துவிட்டது' என்று நம்பி மடித்து வைத்தால்தான் ஆபத்து. ஃபேனுக்குக் கீழே, கயிற்றுக் கட்டிலில் போடுங்கள், அடியிலும் காற்று போகும். லேசான ஆட்டு நாற்றம் காய்ந்ததும் போய்விடும், போகாவிட்டால் அது சோப்பு சரியாக அலசாத நாற்றம்.

அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், அதிலும் வியர்வை பட்ட கம்பளி என்றால் அதற்கு விருந்து. போட்டுக்கொண்டதை அலசாமல் பெட்டியில் வைக்காதீர்கள். வேப்பிலைக் கொழுந்து, வசம்பு எல்லாம் போடலாம், நானும் போடுகிறேன், ஆனால் அதை நம்பி மறந்துபோகாமல் மாதம் ஒரு முறை எடுத்து உதறி வெயிலில் காட்டிவிட்டு வைப்பதைத்தான் நான் நம்புகிறேன்.

*

"தஞ்சாவூர் வெயிலில் கம்பளி மப்ளர்! உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" – மன்னார்குடி வாசகர்

மார்கழியில் காலை நாலரை மணிக்குக் கோயில் வாசலில் போய்ப் பாருங்கள், மங்கி குல்லா இல்லாத தலை எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். சென்னைக்கு ராத்திரி ஏசி பஸ்ஸில் போகிறவர்களைக் கேளுங்கள். அப்புறம், டெல்டாவில் பிள்ளையோ பெண்ணோ குளிர்நாட்டில் இல்லாத தெரு ஒன்று காட்டுங்கள்.

வேறு வேலை நிறைய இருக்கிறது. அதனால்தான் இது.

*

"எனக்கு 68 வயது. மணிக்கட்டில் வலி. 600 தடவை உருட்டு என்றால் என்னால் எங்கே முடியும்? ஆசையாக இருக்கிறது." – திருத்துறைப்பூண்டி வாசகி

அம்மா, கையால் உருட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மங்கோலியாவில் இந்தச் சுருளைக் குதிரையின் பின்னால் கட்டி மேய்ச்சல் வெளியில் உருட்டிக்கொண்டு போவார்கள். நமக்குக் குதிரை வேண்டாம், கால் இருக்கிறது. கீற்றுப் பரப்புவதற்கு மணிக்கட்டில் பலமே வேண்டாம், அதை நீங்களே செய்யுங்கள். துவைகல்லில் போடுகிற கட்டத்துக்கு மட்டும் பேரனைக் கூப்பிடுங்கள், சோப்புத் தண்ணீரில் எதையாவது தூக்கி எறியச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்னும்.

நடுவில் இருக்கிற உருட்டலுக்கு, சுருளைக் கோரைப்பாயில் சுற்றிக் கட்டி டிவிக்கு எதிரே தரையில் போட்டு, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் மேலே வைத்து முன்னும் பின்னுமாக உருட்டுங்கள். அடியில் ஈரத்துண்டு போட்டால் சறுக்காது. சீரியல் ஓடும்போது உருட்டல், விளம்பரத்தில் பிரித்து நீவி மறுமுனையிலிருந்து சுருட்டல். எங்கள் தெருவில் ஒரு மாமி இப்படித்தான் செய்கிறார், ஒரு மப்ளருக்கு மூன்று சீரியல் கணக்கு. மாமியார் மருமகளைத் திட்டுகிற எபிசோடாக இருந்தால் இரண்டிலேயே சடை பிடித்துவிடுகிறதாம்.